சித்ராதேவியின் முப்பத்தொரு விநாடி

சித்ராதேவி இப்போதெல்லாம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் யாராவது, "அக்கா, இந்த மெஷின எப்படிப் போடறதுன்னு ஒரு வாய்ஸ் போட்டு உடுங்க்கா" என்று கேட்டால், "நேர்ல வா கண்ணு, காட்டறேன்" என்பாள். வர முடியாதென்றால் தானே பல்லடத்தில் பஸ் ஏறிப் போய்க் காட்டிவிட்டு வருவாள். நாற்பத்தேழு வயதில் இந்த அக்காவுக்கு என்ன கிறுக்கு என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும். சிரிக்கட்டும். அவர்களுக்கு அந்த வருஷம் தெரியாது. தெரிந்தவர்களும் சீக்கிரமாக மறந்துவிட்டார்கள். நர்ஸம்மாக்களுக்காக வாசலில் நின்று கை தட்டியவர்களும், நர்ஸ் குடியிருந்தால் தெருவுக்கே ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்களும் மறந்துவிட்டார்கள். பல தெருக்களில் இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

அவளுடைய அப்பா கந்தவேல் பல்லடத்தில் இரண்டு விசைத்தறி வைத்திருந்தார். தறிச் சத்தத்திலேயே படித்து, கோயமுத்தூரில் நர்சிங் முடித்தாள். முதல் வேலை கிடைத்த வருஷமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். தம்பி அருள்செல்வன் அவளுக்குப் பதினொரு வயது இளையவன். அவனுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதெல்லாம் அவள்தான். அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், ஒருநாள் வருவதே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. அம்மா குப்பாயியும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மூன்று பேர்: சித்ராதேவி, சாயப்பட்டறையில் மாஸ்டராகிவிட்ட அருள்செல்வன், அவன் மனைவி சுபஸ்ரீ. தம்பிக்கு அக்கா சொல்வதுதான் வேதம். வயிற்றுவலிக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் போடுவான்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்து, பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்தையும் வார்டாக்கினார்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் நின்றன. பந்தி நடக்கும் கூடத்தில் அறுபது கட்டில். வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று சித்ராதேவி மண்டபத்து மாடியில் மணப்பெண் அறையிலேயே தங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த வியாதியை எப்படிப் பார்ப்பதென்று யாருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. சுற்றறிக்கை வரும். அது வந்து சேருவதற்குள் அதில் எழுதியிருந்த முறையே மாறியிருக்கும். அதனால் நர்ஸ்கள் தங்களுக்குள்ளேயே கற்றுக்கொண்டார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அவிநாசியில் வேலை பார்த்த ரோஸ்மேரி என்கிற நர்ஸ் 'கோவிட் சிஸ்டர்ஸ்' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினாள். உடம்பு முழுக்கக் கவச உடையும் இரண்டடுக்குக் கையுறையும் போட்டுக்கொண்டு டைப் அடிக்கவா முடியும்? எல்லாம் வாய்ஸ்தான். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கப் பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவித் துடைப்பது, மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்க வைத்தால் ஆக்சிஜன் அளவு ஏறுவது, சிலிண்டர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முள்ளைப் பார்த்தே கணக்குப் போடுவது, பீகார்ப் பையன்களிடம் 'பயப்படாதே' என்று இந்தியில் சொல்வது, எல்லாம் ஒருத்தி வாயிலிருந்து இருநூறு பேர் காதுக்குப் போனது. ஒரு வார்டில் காலையில் கண்டுபிடித்த விஷயம் மத்தியானத்துக்குள் உடுமலை வரை போய்விடும். அந்தக் குழு பிழைக்க வைத்த உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

அந்தக் குழுவில் சித்ராதேவி குரலுக்குத் தனி மரியாதை. பதற்றமே இல்லாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். 'சித்ராக்கா சொல்லிட்டாங்களா, அப்பச் சரி' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது அவளுக்கும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

மே மாதம் முதல் வாரத்தில் ஒருநாள், சாயப்பட்டறை ஆள் ஒருவர் வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் மெஷின் எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே கட்டில் வேண்டும். ஆனால் அந்த மனிதர் ஒரு திணறலும் இல்லாமல் மூச்சு விட்டார். சித்ராதேவி அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து நகத்திலும் கருநீலச் சாயம். அதே மாதிரித் தம்பி கையைத்தான் அவள் தினமும் வீட்டில் பார்ப்பாளே! மெஷின் நகத்துக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் அளக்கிறது; சாயம் குறுக்கே நின்று ஏமாற்றுகிறது என்பது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் கட்டைவிரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு! கட்டிலுக்காக வெளியே ஆம்புலன்சில் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டில் போனது.

ஊர் முழுக்கச் சாயக் கை. இதை எல்லாருக்கும் சொல்லியாக வேண்டுமே. அங்கேயே நின்று போனை எடுத்து, கையுறை விரலால் அழுத்திப் பேசினாள்: "கண்ணுகளா, சாயப்பட்டறை ஆளுக வந்தா ஒண்ணு கவனிங்க. நகத்துல நீலமோ கறுப்போ ஏறியிருந்தா மெஷின்ல கம்மியாத்தான் காட்டும். எம்பத்தாறு, எம்பத்தேழுன்னு காட்டும். ஆளு நல்லாப் பேசிட்டிருப்பாரு. உடனே பதறிப்போயி ஆக்சிஜன் பெட்டுல போட்டுறாதீங்க. இங்க ஏற்கெனவே பெட்டு இல்ல." வியர்வையில் கையுறை வழுக்கி விரல் விலகியது. பதிவு நின்று, தானாகவே போய்விட்டது. முப்பத்தொரு விநாடி.

அவள் மறுபடி அழுத்தி மீதியைச் சொன்னாள்: "கால் கட்டவெரல்ல மாட்டிப் பாருங்க. அதுல தொண்ணூத்தி நாலுக்கு மேல இருந்தா மட்டும் ஊட்டுக்கு அனுப்புங்க. அதுலயும் கம்மின்னா ஒரு நிமிசம் கூட யோசிக்காம படுக்க வைங்க. பேசறாங்க, நடக்கறாங்கன்னு நம்பிராதீங்க, இந்த நோயில பேசிட்டே போயிருவாங்க." இது பத்தொன்பது விநாடி.

குழுவில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. குழுவில் இருந்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஆனால் யாரோ ஒருத்தி, அவசரத்தில், முதலாவதை மட்டும் வெளியே தள்ளிவிட்டாள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? கேட்டால் அதுவே முழுப்பேச்சு மாதிரிதான் இருந்தது. தொடக்கம் இருந்தது, காரணம் இருந்தது, முடிவும் இருந்தது. அதற்கும் மேலாகச் சித்ராக்காவின் குரல் வேறு.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சித்ராதேவி தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நதியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நதியா அவளிடம் மூன்று மாதம் பயிற்சிக்கு இருந்த பெண். இருபத்துமூன்று வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த காய்ச்சல் முகாமில் தற்காலிக வேலையில் இருந்தாள். "அக்கா, சாயக்கை பத்தி உங்க வாய்ஸ் ஃப்ரெண்ட் ஒருத்தி அனுப்புனா. ரொம்ப உதவியா இருந்துச்சுங்க்கா. இன்னைக்கு மூணு பேரு வந்தாங்க. மூணு பேரையும் பெட்டு கேக்காம மாத்திரை குடுத்து ஊட்டுக்கு அனுப்பிட்டேன்." காலில் மாட்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பாள் என்று சித்ராதேவி நினைத்தாள். நினைக்கக்கூட இல்லை, அவளுக்கு அது சந்தேகமாகவே தோன்றவில்லை. இடது கையால் 'வெரி குட் கண்ணு' என்று தட்டி, கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டுச் சாப்பிட்டாள். சாப்பாடு அன்றைக்கு ருசித்தது.

அதற்கு மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோ மண்டபத்து வாசலில் வந்து நின்றது. பனியன் பண்டல் ஏற்றுகிற வண்டி. பின்னால் விரித்த சாக்கின் மேல் அருள்செல்வன் சுபஸ்ரீ மடியில் சாய்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இருபது வருஷத்தில் எத்தனையோ பேரைத் தூக்கிப் படுக்க வைத்த சித்ராதேவி, தம்பியின் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் நின்றாள். கூட வேலை பார்த்த நர்ஸ்தான் அளந்து சொன்னாள்: "அம்பத்தெட்டுங்க்கா."

"ஏன்டா, ஏன்டா எனக்கொரு போன் பண்ணல?"

"நீ... டூட்டில இருப்பியேக்கா," என்றான். அதற்கே மூச்சு போதவில்லை.

மண்டபத்தில் ஆக்சிஜன்தான் உண்டு, வென்டிலேட்டர் கிடையாது. அவனைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிகளைக் கூப்பிட்டாள். தெரிந்தவர்களிடம் கெஞ்சினாள். ரோஸ்மேரி அவள் பங்குக்கு ஈரோடு வரை கேட்டுப் பார்த்துவிட்டு, "எங்கயும் இல்ல கேட்டியளா, நான் என்ன செய்யதுக்கு" என்று போனிலேயே அழுதாள். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அருள்செல்வன் போய்விட்டான். முப்பத்துமூன்று வயது. அக்கா கையைத்தான் பிடித்திருந்தான். அவள் கையுறையோடு இருந்தாள். அதைக் கழற்றிவிட்டாவது பிடித்திருக்கலாம் என்று பிறகு பல நாள் அழுதாள்.

உடம்பைப் பொட்டலமாகக் கட்டுவதற்கு முன் அவனுடைய சட்டையை மடித்தபோது பையிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. முகாமில் கொடுத்த சீட்டு. 'காய்ச்சல் 2 நாள். ஆக்சிஜன் 87. சாயக் கை. நன்றாகப் பேசுகிறார். வீட்டுத் தனிமை.' நதியாவின் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற பழக்கத்தை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததே சித்ராதேவிதான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேதியைப் பார்த்தாள். தயிர்சாதம் சாப்பிட்ட நாள். போனை எடுத்து நதியாவின் செய்தியை மறுபடி படித்தாள். மூன்று பேர் என்று இருந்தது. வெரி குட் கண்ணு என்று தான் சொன்னதும் இருந்தது. நதியாவுக்கு எது போய்ச் சேர்ந்தது, எது போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அழுவதற்கு நேரமில்லை. அந்த முப்பத்தொரு விநாடி இன்னும் எத்தனை போனில் ஓடிக்கொண்டிருக்கிறதோ. எந்த முகாமில் எவன் எண்பத்தேழோடு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறானோ. அவள் மண்டபத்துப் பின்பக்கம் போய்க் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, விரல் வழுக்காமல் அழுத்திப் பிடித்துப் பேசினாள்: "நான் சித்ரா பேசறேன். சாயக் கை பத்தி நான் சொன்னது பாதிதான் வெளிய போயிருக்குது. ரெண்டாச் சொன்னது என்னோட தப்பு. கால் கட்டவெரல்ல பாக்காம யாரையும் ஊட்டுக்கு அனுப்பாதீங்க. ஏற்கெனவே அனுப்பியிருந்தா, நோட்டுல நம்பர் இருக்கும், இப்பவே கூப்பிடுங்க. அப்படி ஊட்டுக்கு அனுப்புன ஒரு ஆளு இன்னைக்கு எங்க வார்டுல செத்துட்டாரு. பழசு எங்க இருந்தாலும் இதையும் அனுப்புங்க. கும்புட்டுக் கேக்கறேன்." செத்தது யார் என்று சொல்லவில்லை. குரலும் உடையவில்லை. எப்படி உடையாமல் இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் சாவுச் சேதி மறைந்தா கிடக்கும்? சித்ராக்காவின் தம்பி தவறிவிட்டார் என்று அடுத்த நாளே குழுவெல்லாம் இரங்கல். அன்று மத்தியானம் நதியா கூப்பிட்டாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

"அக்கா... ரெண்டாவது வாய்ஸ் எனக்கு வரவே இல்லீங்க்கா. சத்தியமா வரல. நேத்தே மூணு பேரையும் கூப்பிட்டேன். ஒருத்தர் நல்லா இருக்காரு. இன்னொருத்தர உடனே வரச் சொல்லி, கால்ல பாத்து, பெட்டுல போட்டாச்சு. மூணாவது ஆளு போன எடுக்கவே இல்லீங்க்கா. நோட்டுல அருள்செல்வன்னு பேரு, பல்லடம்னு போட்டிருக்குது. இன்னைக்கு எங்க முகாம் குரூப்புல உங்க தம்பி பேரு..." பிறகு கேட்டாள்: "அது உங்க தம்பிங்களா அக்கா?"

சீட்டு சித்ராதேவியின் கையில்தான் இருந்தது. முகாமில் அன்றைக்கு நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்பார்கள், பார்ப்பதற்கு இந்த ஒரு பெண்தான் இருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு இவள் மெஷினைத் தொடமாட்டாள். ஒருவேளை அதைவிட மோசமாகவும் ஏதாவது செய்துகொள்வாள்.

"இல்ல கண்ணு," என்றாள். "எந்தம்பி முகாமுக்கே வரல. பயந்துட்டு ஊட்டுலயே கெடந்துட்டான். பல்லடத்துல அந்தப் பேருல எத்தனையோ பேரு. நீ போயி வேலையப் பாரு. கால்ல பாக்க மறந்துராத."

மறுமுனையில் நதியா ஓவென்று அழுதாள். அது நிம்மதி அழுகை. சித்ராதேவி அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள். சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து, வார்டுக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டாள்.

சுபஸ்ரீக்கும் தொற்று என்று தெரிந்ததால், கொண்டுவந்து விட்ட அன்றைக்கே அவளைத் திருப்பி அனுப்பி வீட்டில் தனியாக வைத்திருந்தார்கள். புருஷன் முகத்தைக்கூடக் கடைசியாக அவள் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்குத்தான் சித்ராதேவி வீட்டுக்குப் போனாள். வந்திருந்த நாலு பேரும் கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டார்கள். சமையலறையில் சுபஸ்ரீ அவளுக்குக் காபி போட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்க. கேட்டா உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"சொல்லு கண்ணு."

"முகாமுக்குப் போறப்ப அவரு பயந்துட்டேதானுங்க போனாரு. மெஷின்ல கம்மியாக் காட்டுனதும் வெலவெலத்துப் போயிட்டாராமா. அந்த நர்ஸ் புள்ளதான், 'பயப்படாதீங்கண்ணா, எங்க சீனியர் அக்கா என்ன சொல்லியிருக்காங்க, நீங்களே கேளுங்க'ன்னு போன்ல ஒரு வாய்ஸப் போட்டுக் காட்டுச்சாமா. கேட்டா உங்க குரலுங்க அண்ணி! அது எங்கக்கான்னு அங்க மூச்சு உடலியாமா. சொன்னா உங்களுக்குச் சேதி வந்துரும், டூட்டிய உட்டுட்டு ஓடியாந்துருவீங்கன்னு. ஊட்டுக்கு வந்து சிரிச்சுட்டே சொன்னாரு. 'நாப்பது நாளா மொகத்தக் காட்டல, இன்னைக்கு முகாமுல வந்து எங்கிட்டப் பேசிட்டுப் போறா பாரு எங்கக்கா'ன்னு."

சித்ராதேவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மறுநாளே மூச்சு வாங்குச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் அழுதேன். 'எங்கக்கா சொல்லிட்டா பதற வேண்டாம்னு, அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது'ன்னு என்னயத்தான் வைஞ்சாரு. கடைசி வரைக்கும் தைரியமா இருந்தாருங்க அண்ணி. அந்தத் தைரியம் நீங்க குடுத்ததுங்க." சொல்லிவிட்டு, நல்ல சேதி சொன்னவள் மாதிரி, அவள் முகத்தைப் பார்த்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். இந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். நதியாவுக்குச் சொன்ன பொய் மாதிரி இன்னொன்று சொல்வதா கஷ்டம்? ஆனால் நதியா பாதியைக் கேட்டவள். இவள் அந்தப் பாதியால் தாலியை இழந்தவள். தனக்கு நன்றி சொல்லிக்கொண்டு இவள் காலம் முழுக்கக் காபி போட்டுக் கொடுப்பதை நினைத்தபோது சித்ராதேவியால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். நதியாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, கையுறை வழுக்கியது, இரண்டாக உடைந்தது, பாதி மட்டும் போனது, வெரி குட் என்று தான் அனுப்பியது, ஒன்றையும் மறைக்காமல் எல்லாம் சொன்னாள்.

சுபஸ்ரீ அடுப்பை அணைத்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று சித்ராதேவி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"மீதி என்னங்க அண்ணி சொன்னீங்க?"

"கால் கட்டவெரல்ல மாட்டிப் பாக்கச் சொன்னேன் கண்ணு. அதுல கம்மின்னா உடனே படுக்க வைக்கச் சொன்னேன்."



"அவருக்குக் கால்ல சாயமே இருக்காதுங்களே அண்ணி," என்றாள் சுபஸ்ரீ. "எப்பவும் பூட்ஸு போட்டுட்டுத்தானுங்க வேலை செய்வாரு."